சேவல் சேராத முட்டை

1

பௌரிங்பேட்டையில் ரயிலை விட்டு இறங்கி, தகரப்பெட்டி ஒன்றும் கோழிக்கூடை ஒன்றுமாக நாங்கள் இந்தத் தங்கவயலுக்கு வந்து சேர்ந்து இந்த மாசத்தோடு பத்து வருஷம் ஆகிறது. குடியாத்தத்திலிருந்து யார் வந்தாலும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "அங்கே தங்கம் தெருவிலே கெடக்குதாமே?" இல்லை. தெருவில் கிடப்பது கரித்தூளும் கோழி எச்சமும்தான். தங்கத்தை நான் கண்ணால் கண்டது துரைசானிகளின் கழுத்தில் மட்டும். அதனால் தங்கத்தைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. முட்டையைப் பற்றி நிறைய இருக்கிறது.

போன வாரம் என் தம்பி வந்திருந்தான். கை கழுவக் கொல்லைப்பக்கம் போனவன், சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டான். பக்கத்து வீட்டு சிவகாமி அக்கா இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு ஒரு கோழிப் பட்டாளத்தைப் பேர் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னாக்கா, சைவ வீடுன்னு சொன்னே. கோழிச் சந்தையே கூடிகினு கீதே?"

நான் பதிலைத் தொடங்கினேன். முடிப்பதற்குள் அவனுக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. பாதிக் கதையோடு அங்கே நம் ஊருக்கு வந்தவன் மீதிப் பாதியை எப்படி இட்டுக்கட்டியிருப்பான் என்று எனக்குத் தெரியும். அதை நம்பவேண்டாம். நடந்தது இது.

2

எங்கள் வீட்டுக்காரர் சுரங்க ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறேன். கம்பெனி கொடுத்த வீட்டில் இரண்டு அறை, பின்னால் ஒரு கொல்லை, கொல்லையைப் பிரிக்க இடுப்பளவு மண்சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் கம்பெனி ஆபீசில் கணக்கராக இருக்கும் ஏகாம்பரமும் அவர் மனைவி சிவகாமி அக்காவும். வாலாஜாப்பேட்டைக்காரர்கள். பிள்ளைகள் கிடையாது. சைவத்தில் அக்கா எவ்வளவு கெட்டி என்றால், முட்டை என்ற வார்த்தையே வாயில் வராது. 'வெள்ளைக்காய்' என்பார். அதையும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொல்வார்.

எங்கள் கொல்லையில் ஐந்து பெட்டைகள், ஒரு சேவல். ஊரிலிருந்து கூடையில் வந்த கோழிகளின் வம்சம். சேவலுக்குப் பெயர் கேப்டன். சுரங்கத்தில் வேலை வாங்குகிற வெள்ளைக்கார மேஸ்திரிகளை இங்கே கேப்டன் என்பார்கள். கப்பலும் இல்லை, கடலும் இல்லை, ஆனாலும் கேப்டன். நெஞ்சை நிமிர்த்தி நடப்பது, எல்லோரையும் அதட்டுவது, தான் மட்டும் ஒரு துரும்பையும் நகர்த்தாதது, இதையெல்லாம் பார்த்து என் மகள் பாக்கியம் வைத்த பெயர். ஷிப்டு மாறும்போது சுரங்கத்தில் சங்கு ஊதும். ஊதி அடங்கியதும் எங்கள் கேப்டன் கூரைமேல் ஏறிப் பதில் கொடுப்பான். எங்கேயோ தன்னைவிடப் பெரிய சேவல் ஒன்று இருக்கிறதென்று அவனுக்கு எண்ணம். கம்பெனியோடு நடக்கிற எந்த வாக்குவாதத்திலும் கடைசி வார்த்தை அவனுடையதாகத்தான் இருக்கும்.

ஊரில் நாம் வீட்டுக்கோழி முட்டையைத் தின்றதில்லை. அடைவைப்போம், அவ்வளவுதான். இங்கே வந்தபிறகுதான் நாங்கள் முட்டை தின்னும் வீடானோம். ஆஸ்பத்திரித் துரை வாயிலிருந்து எது வந்தாலும் எங்கள் வீட்டுக்காரருக்கு அது சட்டம். துரை முட்டை நல்லது என்றார். மறுநாளிலிருந்து எங்கள் வீட்டில் முட்டை. சேவல் மிதித்த முட்டையா, அதில் கரு உண்டா என்றெல்லாம் நாங்கள் யோசித்ததே கிடையாது. உப்பும் மிளகும் இருக்கிறதா என்றுதான் பார்ப்போம்.

இந்த நாட்டில் முட்டையால் எங்களுக்கு வந்த முதல் சங்கடம் பாஷையால் வந்தது. வந்த புதிதில், பூதிகோட்டையிலிருந்து கீரைக்கூடையோடு வரும் நாரக்கா எங்கள் வாசலில் நின்று, "மொட்டெ! மொட்டெ இதெயா?" என்று கத்தினாள். எங்கள் வீட்டுக்காரருக்குக் கல்யாணத்தின்போதே முன்தலை காலி. இங்கே வந்து மிச்சமும் போயிருந்தது.

"யாரைப் பாத்து மொட்டைன்றே?" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போனார். தலையைத் தட்டிக் காட்டி, "கம்பவுண்டரு! கம்பவுண்டரு!" என்று வேறு சொன்னார்.

கன்னடத்தில் மொட்டெ என்றால் முட்டை. உங்கள் வீட்டில் விற்க முட்டை உண்டா என்றுதான் அவள் கேட்டிருக்கிறாள். இவர் தலையைத் தட்டவும், முட்டையை எல்லாம் தலையில் தேய்த்துக் குளிக்கிறோம் என்று புரிந்துகொண்டாள். அதனால்தான் முடி போயிற்று, இனிமேல் நல்லெண்ணெய் தேயுங்கள் என்று ரொம்ப நாள் அறிவுரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

பாக்கியத்துக்கு இந்தத் தொல்லையே இல்லை. நாரக்காவோடு கன்னடம், எதிர்வீட்டுப் பிள்ளைகளோடு தெலுங்கு, கோழிகளோடு இங்கிலீஷ். தமிழ் என்னோடு மட்டும், அதுவும் கோபம் வந்தால். சமாதானமாக இருக்கும்போது, "ஊட்டா ஆய்த்தாம்மா?" என்பாள். சாப்பிட்டாயா என்று பெற்ற மகள் வேறு பாஷையில் கேட்கும்போது, சாப்பிட்டது எனக்கே சந்தேகமாகிவிடும்.

3

மழை ஓய்ந்த சமயம் ஏகாம்பரத்துக்குக் காய்ச்சல் வந்தது. வெகுநாள் படுத்துவிட்டார். எங்கள் லைனுக்கு, அதாவது கம்பெனி வீட்டு வரிசைக்கு, பக்கத்தில் ஸ்கெலட்டன் என்று ஓர் இடம். அந்த இங்கிலீஷ் வார்த்தைக்கு எலும்புக்கூடு என்று அர்த்தம். யார் எதற்கு அந்தப் பெயர் வைத்தார்களோ தெரியாது. காய்ச்சல் விட்டு எழுந்து உட்கார்ந்த ஏகாம்பரத்தைப் பார்த்தபோது, இவரைப் பார்த்துத்தான் வைத்திருக்கவேண்டும் என்று தோன்றியது.

ஆஸ்பத்திரித் துரை வந்து பார்த்தார். காலையும் மாலையும் பாலில் முட்டை அடித்துக் கொடுக்கவேண்டும், இல்லாவிட்டால் தேறுவது கஷ்டம் என்றார். அதேசமயம் ஆபீசிலிருந்தும் சொல்லியனுப்பினார்கள். இன்னும் ஒரு மாசத்துக்குள் மேஜைக்கு வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்களாம். இங்கே வேலை போனால் வீடும் போகும். அன்று சாயங்காலம் சிவகாமி அக்கா சுவரோரம் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னாக்கா, செத்தாலும் சைவமாவே சாவறேன்னு சொல்றாரா அவரு?" என்று கேட்டேன்.

"அவரு ஒண்ணும் சொல்லலே ரூத்து. அவருக்காக நான்தான் சொல்லிகினு கீறேன்."

எங்கள் வீட்டுக்காரருக்கு யார் அழுதாலும் தாங்காது. உடனே ஏதாவது சொல்லிவிடுவார். அது சரியா தப்பா என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர் கொள்கை.

"இதுக்குப் போயி அழுவாங்களா? முட்டையிலே உயிரு எப்படி வருது? சேவல் சேர்ந்தாத்தானே? சேவல் சேராம பெட்டை போடற முட்டை வெறும் முட்டைம்மா. அடைவெச்சாலும் குஞ்சு வராது. பசு பால் குடுக்குது, கோழி முட்டை குடுக்குது. ரெண்டும் ஒண்ணுதான்."

அக்கா அழுகையை நிறுத்தினார். "கூமுட்டைன்றாங்களே, அதுவா?"

"அதேதான்."

"அப்ப எங்க வீட்டுக்காரருக்குக் கூமுட்டைதான் வேணும்."

முட்டை வாங்க வருகிறவர்கள் எல்லாரும் கூமுட்டை வேண்டாம் என்றுதான் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கூமுட்டைதான் வேண்டும் என்று ஒருவர் அழுதது அன்றைக்குத்தான்.

4

முதலில் கேப்டனைக் கொல்லையிலேயே வைத்துக்கொண்டு பெட்டைகளைக் காவல் காப்பது என்று தீர்மானித்தோம். காவலுக்கு அக்காவே வந்தார், ஏகாம்பரத்தின் ஆபீஸ் குடையோடு. பள்ளிக்கூடம் விட்டு நான் வரும்போது சந்து முனை வரைக்கும் அவர் சத்தம் கேட்டது.

"டேய் கேப்டன்! அஞ்சு பொண்டாட்டி பத்தலியாடா உனக்கு? சொவரு ஏறி வேற வர்றியா? காலை ஒடிச்சுடுவேன்!" உடனே கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "முருகா, உன் கொடியிலே கீறவரைச் சொல்லலேப்பா. இந்தத் தறுதலையைச் சொல்றேன்" என்பார். மறுபடியும் குடை ஓங்கும். மறுபடியும் கன்னத்தில் போடுவார். பொழுது சாய்வதற்குள் அக்கா மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். கேப்டனுக்கு ஒன்றும் ஆகவில்லை. பெட்டைகளுக்கு ஆகவேண்டியது ஆகிவிட்டிருந்தது.

கடைசியில் அவனை ஊரைவிட்டே அனுப்புவது என்று முடிவாயிற்று. மறுநாள் காலையில் நாரக்கா வந்தபோது, காலைக் கட்டி அவள் கீரைக்கூடையில் உட்காரவைத்தோம். பாக்கியம் நாலு பாஷையிலும் அழுதாள். அன்று யார் கேட்டாலும் நான் சொன்னேன்: "கேப்டனைக் காலைக் கட்டி பூதிகோட்டைக்கு அனுப்பிட்டோம். இனிமே இங்கே தொந்தரவு இல்லே." இதை நான் எவ்வளவு உரக்கச் சொன்னேன் என்பதும், அந்தப் பக்கமாக யார் போனார்கள் என்பதும் பின்னால்தான் தெரிந்தது.

கேப்டன் போன செய்தி அக்கம்பக்கத்துச் சேவல்களுக்கு எப்படித்தான் எட்டியதோ. ஸ்கெலட்டன் பக்கத்திலிருந்துகூட ஒவ்வொன்றாகத் துக்கம் விசாரிக்க வந்தன. அக்கா குடையோடு நின்றார். கேப்டனைப் போல இல்லாமல் இந்தச் சேவல்கள் குடைக்குப் பயந்தன. ஒன்றுகூட உள்ளே வரவில்லை.

"எத்தினி நாள் கழிச்சுக் குடுக்கலாம் கம்பவுண்டரய்யா?" என்று கேட்டார் அக்கா.

"ரெண்டு நாள் போதும்மா" என்றார் எங்கள் வீட்டுக்காரர், மருந்து கலக்குகிற நம்பிக்கையோடு.

மூன்றாம் நாள் தொடங்கினோம். அக்கா முட்டையைத் தொடமாட்டார். ஆனால் நான் தூக்கிப் பிடிக்கவேண்டும், வெயிலுக்கு நேராக வைத்து அவர் பார்ப்பார். "நிழலு ஒண்ணும் தெரியலே. கூமுட்டைதான்" என்று தீர்ப்புச் சொன்னபிறகு என் வீட்டிலேயே உடைத்து, பாலும் வெல்லமும் சேர்த்து அடித்து, தனி டம்ளரில் ஊற்றி, தட்டுப் போட்டு மூடிச் சுவர்மேல் வைப்பேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் போவார். அடுத்த நிமிஷம் ஏகாம்பரம் குடிக்கிற சத்தம் கேட்கும். ரொம்ப வேண்டாவெறுப்பாகக் குடிக்கிற மனிதரின் சத்தமாக அது எனக்குத் தோன்றவில்லை.

5

இரண்டாவது வாரம், ஆபீசுக்கு வரச்சொல்லி எங்கள் வீட்டுக்காரருக்குத் தாக்கீது வந்தது. எதற்கென்று இல்லை. துரைமார் முன்னால் நின்றால் இவருக்கு இங்கிலீஷ் எல்லாம் வியர்வையாக வெளியே போய்விடும். அதனால் நானும் கூடப் போனேன்.

மேஜைக்குப் பின்னால் லைன் சூப்பிரண்டு துரை. பக்கத்தில், நிஜமான கேப்டன் துரை. செக்கச் சிவந்த மீசை, நாற்காலி கொள்ளாத உடம்பு. ஓரத்தில் அவர் வீட்டு பியூன், சாட்சிக்கு. நடுவில் ஒரு துபாஷி.

பியூன் சொன்னது இது: கணக்கர் சம்சாரம் கேப்டனைக் குடையால் அடிக்க ஓடியது. ஐந்து பெண்டாட்டி போதவில்லையா, சுவரேறி வேறு வருகிறாயா என்று தெரு கேட்கத் திட்டியது. காலை ஒடிப்பதாகச் சொன்னது. மறுநாள் கேப்டனைக் காலைக் கட்டி பூதிகோட்டைக்கு அனுப்பிவிட்டதாக இதோ நிற்கிற வாத்தியாரம்மா சொன்னதைத் தன் இரண்டு காதாலும் கேட்டான்.

துபாஷி ஒவ்வொரு வரியாக இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, சூப்பிரண்டு துரை திரும்பித் திரும்பிக் கேப்டன் துரையைப் பார்த்தார்.

"கேப்டன் இங்கேதானே உட்கார்ந்திருக்கிறார்?" என்று கேட்டார்.

"இனிமே செய்வாங்க போலக் கீது தொரை" என்றான் பியூன்.

விஷயம் இவ்வளவு தூரம் வந்ததற்குக் காரணம் கால் ஒடிகிற பயம் இல்லை. பியூன் இதை முதலில் கேப்டனின் துரைசானியிடம் போய்ச் சொல்லியிருக்கிறான். யார் அந்த ஐந்து பேர் என்று அந்த அம்மாள் கேட்டிருக்கிறார்.

நான் என் நல்ல இங்கிலீஷை எடுத்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு சொன்னேன்: "ஐயா, கேப்டன் எங்கள் வீட்டுப் பெட்டைகளின் புருஷர்."

எங்கள் வீட்டுக்காரர் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். சொன்னது போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, "சேவல், ஐயா. கூவுகிற சேவல்" என்றேன். நம்பாமல் பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் கூவிக் காட்டினேன்.

கேப்டன் துரை சிரித்த சிரிப்பில் மீசை வேறு முகம் வேறாக ஆடியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு முழுக் கதையையும் கேட்டார். காய்ச்சல், கூமுட்டை, குடை எல்லாவற்றையும் சொன்னேன். தானும் கோழி வளர்க்கிற வீட்டில் பிறந்தவன்தான் என்றார். பிறகு மெதுவாக ஒரு வார்த்தை சொன்னார்.

"அந்த அம்மாளுக்கு ஒன்று தெரியவேண்டும். சேவல் போய்விட்டாலும், இரண்டு மூன்று வாரத்துக்குப் பெட்டைகள் உயிருள்ள முட்டைதான் போடும். எங்கள் ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும்."

என் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. கம்பவுண்டரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இனிமேல் சேவல்களுக்குக் கம்பெனி உத்தியோகஸ்தர்களின் பதவிப்பெயர் வைக்கக்கூடாது என்று சூப்பிரண்டு துரை உத்தரவு போட்டார். வீட்டுக்கு வந்து சொன்னதும் பாக்கியம், "அப்ப சூப்பிரண்டுன்னு வெக்கலாமா?" என்று கேட்டாள்.

6

எப்படிச் சொல்வது? அதுவரை ஏகாம்பரத்துக்குள் போனதெல்லாம் உயிருள்ள முட்டை. சொன்னால் அக்கா அன்றோடு நிறுத்திவிடுவார். மனிதருக்கு இப்போதுதான் கன்னத்தில் சதை என்று சொல்லும்படியாக ஏதோ தெரிய ஆரம்பித்திருந்தது. சொல்லாவிட்டால், என்னை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு டம்ளரை எடுக்கிற மனுஷியை நான் தினமும் ஏமாற்றுகிறேன்.

மறுநாள் துணிந்து பக்கத்து வீட்டுக்குப் போனேன். அக்கா தண்ணீருக்குப் போயிருந்தார். ஏகாம்பரம் கட்டிலில் சாய்ந்திருந்தார். அக்காவிடம் சொல்ல வைத்திருந்ததை அவரிடமே ஒப்பித்துவிட்டேன்.

அவர் அதிகம் பேசாத மனிதர். கொஞ்சநேரம் விட்டத்தைப் பார்த்தார்.

"அப்படின்னா, இன்னும் எத்தினி நாளைக்கு உயிரு இருக்கும் வாத்தியாரம்மா?"

"ஒரு வாரம் இருக்கும்னு நெனைக்கிறேங்க."

"அதுக்கப்பறம் கூமுட்டைதான்?"

"ஆமாங்க."

வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அப்ப இந்த வாரம் மட்டும் ரெண்டா அடிச்சு வெச்சுடுங்க."

"அக்காகிட்டே?" என்றேன்.

"சிவகாமிகிட்டே சொல்லணும்தான். மேஜைக்குப் போயி உக்காந்தப்பறம் நானே சொல்றேன். இப்ப சொன்னா, என்னைக் காப்பாத்தணும்னு என்னைக் கொன்னுடுவா."

அன்றிலிருந்து டம்ளர் கொஞ்சம் கனமாயிற்று. அக்கா கண்ணை மூடிக்கொண்டு எடுத்ததால் தெரியவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

7

கெடு முடிவதற்குள் ஏகாம்பரம் கோட்டை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குப் புறப்பட்டார். காய்ச்சலுக்கு முன்னால் தொளதொளவென்று இருந்த கோட்டு. இப்போது நடுப்பொத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அக்கா திருஷ்டி கழித்து அனுப்பினார்.

அன்று சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம். "ரூத்து! இங்கே வா! ஓடியா!"

ஓடினேன். அக்கா வீட்டு விறகுக் குவியலுக்குப் பின்னாலிருந்து எங்கள் கறுப்புப் பெட்டை வெளியே வந்துகொண்டிருந்தது. பின்னால் ஆறு குஞ்சுகள். கொஞ்சநாளாக அந்தப் பெட்டை கண்ணில் படாமல் இருந்ததை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. சுவரேறிப் போய், அக்கா வீட்டு விறகுக்குள் முட்டையிட்டு, சத்தமில்லாமல் அடையும் காத்திருக்கிறது. ஆறில் நான்கின் தலையில் கேப்டனின் செம்பட்டை நிறம் அச்சாக இருந்தது.

"கேப்டன் போயி நாலு வாரம் ஆவுது" என்றார் அக்கா. "இது எப்படி?"

இனி மறைக்க ஒன்றும் இல்லை. கேப்டன் துரை சொன்னதைச் சொன்னேன். அக்கா அம்மிக்கல்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப அவரு குடிச்சதெல்லாம்..."

"முதல் மூணு வாரத்துது எல்லாம் அப்படித்தாங்கக்கா."

அந்த நேரம் பார்த்து ஏகாம்பரம் உள்ளே வந்தார். குஞ்சுகளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோட்டு நடுப்பொத்தான் தெறித்துத் தரையில் உருண்டது. ஒரு குஞ்சு ஓடிப்போய் அதைக் கொத்தியது.

"உங்களுக்கு முன்னமே தெரியுமா?" என்றார் அக்கா.

ஏகாம்பரம் பொய் சொல்லத் தெரியாதவர். ஆனாலும் முயன்றார். "காய்ச்சல்லே எனக்கு நாக்குலே ருசியே தெரியலே சிவகாமி."

"ருசியை யாரு கேட்டா?"

அக்கா அழுதார். அழுதுகொண்டே இருந்தவர், பொத்தானைக் கொத்திய குஞ்சு சலித்துப்போய் தன் புடவை மடிப்புக்குள் புகுந்ததைப் பார்த்தார். வாழ்நாளில் கோழியைத் தொட்டறியாத கை. அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டது. குஞ்சு கண்ணை மூடித் தூங்கிவிட்டது.

"ரூத்து" என்றார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "இந்த ஆறும் என்னுது. இவரு உள்ளே எத்தினி உயிரு போச்சோ, அத்தினி உயிரை நான் வெளியே வளத்து விட்டுடறேன். மேலே கீறவரு பாத்துக்கட்டும்."

ஏகாம்பரம் மனசுக்குள் கணக்குப் போட்டது முகத்தில் தெரிந்தது. கடைசி வாரத்து இரட்டை முட்டையையும் சேர்த்திருப்பார் போல. முகம் வெளுத்தது.

நாங்கள் யாரும் ஒன்றை யோசிக்கவில்லை. குஞ்சு வளர்ந்தால் பெட்டையாகும், பெட்டை முட்டையிடும். அந்த முட்டையை அக்காவால் தின்ன முடியாது. விற்கவும் முடியாது, வாங்குகிறவர் தின்பார். அடைவைக்கத்தான் வேண்டும். அதனால் பாவம் தீர்ந்த பிறகும் கோழி தீரவில்லை. பருந்து இரண்டு கொண்டுபோயிற்று, கீரி ஒன்று. அக்கா அதையும் தன் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டார். ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில் தவிடு வாங்கப்போனால், சைவ வீட்டில் கோழிக்கு இவ்வளவு தவிடா என்று கடைக்காரர் இன்றும் ஒவ்வொரு முறையும் விசாரிப்பார்.

கம்பெனியின் சுகாதார இன்ஸ்பெக்டர் ஒருநாள் வந்தார். "இத்தனை கோழி எதுக்கு? விற்கவா, சாப்பிடவா?"

"ரெண்டும் இல்லே" என்றார் அக்கா.

"பின்னே இன்னாத்துக்கு?"

"புண்ணியத்துக்கு."

அந்த வார்த்தைக்கு இங்கிலீஷ் கிடைக்காமல் அவர் வெகுநேரம் நின்றார். கடைசியில் 'மதக் காரியம்' என்று எழுதிக்கொண்டு போனார். அதிலிருந்து ஒருவரும் வந்து கேட்பதில்லை.

8

கேப்டனைத் திருப்பிக் கொண்டுவர நானும் பாக்கியமும் ஒருநாள் மாட்டுவண்டியில் பூதிகோட்டைக்குப் போனோம். நாரக்கா முன்னாலேயே சொல்லியிருந்தாள், அவன் வரமாட்டான் என்று. நான் அதை நம்பவில்லை. ஊரிலிருந்து நான் கொண்டுவந்த வம்சம் அல்லவா?

எருக்குழியின்மேல் நின்றுகொண்டிருந்தான். நன்றாகக் கொழுத்திருந்தான். அங்கே சங்குச் சத்தம் இல்லாததால் சண்டைக்கு ஆளில்லாமல் நிதானமாகக் கூவினான். "கேப்டன், வாடா" என்று கையை நீட்டினேன். பறந்துவந்து மணிக்கட்டில் ஒரு கொத்துக் கொத்திவிட்டு மறுபடி எருக்குழிமேல் ஏறிவிட்டான்.

"விடும்மா" என்றாள் பாக்கியம். "அவனுக்கு இதான் ஊரு."

"இன்னாடி சொல்றே? அவன் நம்ம குடியாத்தத்துக் கோழிடி."

"நீங்கதான் குடியாத்தம். அவன் இங்கே பொறந்தவன்." பாவாடையில் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டாள். "நானும்தானே?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாத ஏதோ ஒன்றைச் சொல்லிக்கொடுப்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். சொல்லிவிட்டு நாரக்காவின் மகளோடு கன்னடத்தில் பேசிச் சிரித்துக்கொண்டு குளத்தங்கரைக்கு ஓடிப்போனாள். நான் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வலித்தது என்று சொல்லமாட்டேன். வலிக்கவில்லை என்றும் சொல்லமாட்டேன். நாரக்கா மஞ்சளைக் குழைத்துக் கொண்டுவந்து வைத்துக் கட்டினாள். கட்டும்போது, தலைக்கு நல்லெண்ணெய் தேய்க்கச் சொன்னேனே, கம்பவுண்டர் தேய்க்கிறாரா என்று கேட்டாள். கேப்டனுக்குப் பதிலாக ஒரு வெள்ளைச் சேவலைக் கூடையில் வைத்துக் கொடுத்தாள். அதற்கு இன்றுவரை பெயர் வைக்கவில்லை, கம்பெனி உத்தரவுக்குப் பயந்து.

9

என் தம்பியிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அதையும் எழுதிவிடுகிறேன்.

இந்த லைனிலேயே அதிகக் கோழி இருக்கிற வீட்டில் ஒரு முட்டைகூட உடைவதில்லை. காலையில் எழுந்தால் ஏகாம்பரத்தைச் சுற்றி முட்டை. கோட்டுப் பைக்குள் முட்டை, செருப்புக்குள் முட்டை. பாவம், நாக்கு ஒருமுறை பழகிவிட்டது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில், அக்கா கோயிலுக்குக் கிளம்பிய பிறகு, சுவரோரம் ஒரு கனைப்புக் கேட்கும். நான் இரண்டு முட்டையை வேகப்போடுவேன். அவர் சுவரைத் தாண்டிவந்து எங்கள் அடுப்பங்கரையில் மணைபோட்டு உட்கார்ந்து தோலை உரிப்பார்.

"சேவல் கூட இருக்கிற கோழி முட்டைதானே வாத்தியாரம்மா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார்.

"ஆமாங்க."

"கூமுட்டை சப்புன்னு கீது."

தம்பி ஊருக்குப் போன மறுநாள் ஞாயிறு. வழக்கம்போல வந்தார். கொஞ்சம் தும்மிக்கொண்டிருந்தார். முதல் முட்டையை உரித்து, முழுசாக வாயில் வைத்தார். அப்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, அக்காவின் குரல் நிதானமாக வந்தது. கோயிலுக்குப் போனதாக நாங்கள் நினைத்த குரல்.

"ரூத்து, அவருக்கு ரெண்டு நாளா சளி. மெளகு தூக்கலாப் போடு."

ஏகாம்பரம் மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை. இரண்டு கன்னமும் உப்பிப்போய் என்னைப் பார்த்தார். நான் எழுந்து மிளகுச் சம்படத்தை எடுத்தேன்.